லெவல் ஒன்றில் இருக்கும் மகனுக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "நான் என்னதான் பண்ணட்டும், நீயே சொல்லும்மா" என்றாய். நான் அதற்கு, "சாப்ட்டியாடா?" என்றேன். நீ "சாப்ட்டேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றிலிருந்து தையல் மிஷினில் உட்கார்ந்தால் அந்தக் கேள்விதான் காதில் ஓடுகிறது. பதில் தெரியாததால் சோற்றைப் பற்றிக் கேட்டேன் என்று உனக்கும் தெரியும். போனில் என்னால் கோவையாகப் பேச முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். சம்பந்தி வீட்டார் படித்தாலும் சரி, தெருவில் நாலு பேர் படித்தாலும் சரி. ஆளுக்கொரு பேச்சு பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே பேச்சாக இதில் சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்லச் சொல்லப் பாப்பா எழுதுகிறாள், முடித்ததும் போனில் படம் எடுத்து அனுப்பிவிடுவாள். உன் தங்கைக்கு வாய்தான் திறக்காது, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் நன்றாக இருக்காதாம். நான் "போய்ட்டு" என்றால் அவள் "போய்விட்டு" என்று போடுகிறாள். இருக்கட்டும். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை இவ்வளவு எழுதுவதே எனக்குப் பெருமை. இதையும் எழுதுடி என்றால் முகத்தைச் சுளிக்கிறாள்.

முதலில் அந்தக் கேசரிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா அதை உன்னிடம் வேடிக்கையாகச் சொல்லியிருப்பார். எனக்கு அது வேடிக்கை இல்லை. பொங்கல் கழிந்த வாரம் நீ போன் செய்தாய். "புதுசா ஒரு முறை கொண்டாந்திருக்காங்கம்மா. சம்பளத்த வெச்சு லெவல் பிரிக்கறாங்க. நான் லெவல் ஒன்னு" என்றாய். உன் குரல் சோர்ந்திருந்தது. அமெரிக்காவில் விடிகிற நேரம், தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். "அப்பாடா, ரங்கநாதா" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஒன்று என்றால் எனக்குத் தெரிந்தது முதல் இடம்தான். ஐந்தாம் வகுப்பில் நீ வாங்கிய ரேங்க் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் உன் பெயரைப் பள்ளிக்கூட வாசலில் பலகையில் எழுதினார்கள், அது ஒன்று. கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு என்று பெரிய மனிதர்கள் முறைத்துக்கொள்கிற ஊரில் வந்து குடியேறியவள் நான். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒன்று என்றால் வேறு என்ன நினைப்பேன்? அன்று சாயங்காலமே சக்கரத்தாழ்வார் சன்னதியில் விளக்குப் போட்டேன். மறுநாள் கேசரி கிண்டித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, அப்பாவையும் சலவைச் சட்டை போடவைத்து, கே.கே. நகருக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனோம்.

"எங்க தம்பி லெவல் ஒன்னுங்க. இனிமே அந்த விசா குலுக்கல்ல பேரு விழுந்த மாதிரிதான்" என்றேன், உட்காருவதற்கு முன்னாலேயே.

சம்பந்தி கேசரியை வாயில் போட்டவர் மெல்லாமல் அப்படியே இருந்தார். மெதுவாக விழுங்கிவிட்டு, "சம்பந்தியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஊர்ல ஒன்னுன்னா கடைசிங்க. நாலுதான் ஒசத்தி" என்றார்.

அப்பா சிரித்துவிட்டார். "எந்த ஊருலங்க ஒன்னு கடைசி? எண்ண ஆரம்பிக்கறதே ஒன்னுலதானே?"

"எண்ணறது ஒன்னுலதாங்க. ஆனா அவங்க எண்ணறது சம்பளத்தங்க, சம்பளம் ஏறினா நம்பரும் ஏறும்."

நல்ல வேளையாக, உனக்கு நிச்சயமான சுகன்யா அப்போது கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்திருப்பாள். அவளுடைய அம்மா மட்டும், "கேசரி பிரமாதங்க, முந்திரி தாராளமா போட்டிருக்கீங்க" என்றாள். அவள் நல்லவள். நல்லவர்கள் அந்த மாதிரி நேரத்தில் முந்திரியைப் பற்றிப் பேசும்போதுதான் நமக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். காவேரிப் பாலம் வந்ததும் அப்பா என் தோளை இடித்து, "பாத்தியா, நம்மள வீட்டுக்குக் கொண்டு போறது ஒன்னாம் நம்பர் பஸ்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்குச்சட்டியில் மிச்சக் கேசரி இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் நீ எனக்கு நிதானமாக விளக்கினாய். ஒவ்வொரு வேலைக்கும், ஒவ்வொரு ஊருக்கும் அந்த அரசாங்கம் சம்பளத்தில் நாலு படி வைத்திருக்கிறது. கம்பெனி உனக்குக் கொடுக்கிற சம்பளம் எந்தப் படியைத் தொடுகிறதோ அதுதான் உன் லெவல். முன்பெல்லாம் விசா குலுக்கலில் எல்லாருக்கும் ஆளுக்கொரு சீட்டு. இப்போது நாலாம் படியில் இருப்பவனுக்கு நாலு சீட்டு, மூன்றாம் படிக்கு மூன்று, இரண்டுக்கு இரண்டு, உனக்கு ஒன்று. சொல்லி முடித்துவிட்டு, "புரியுதாம்மா?" என்று கேட்டாய். புரியாமல் என்ன? நம் வீட்டு மாடியில் மாதாமாதம் நடக்கிற குலுக்குச்சீட்டும் இதுதானே. இரண்டு பங்கு கட்டுகிற கமலாக்கா பெயர் பிஸ்கட் டப்பாவில் இரண்டு தடவை கிடக்கும். ஒரு பங்கு கட்டுகிற என் பெயர் ஒரு தடவை. பேர் எழுதுவதும் பாப்பாதான், கண்ணை மூடி எடுப்பதும் பாப்பாதான். அவள் யாரிடமும் பேசமாட்டாள் என்பதால் எல்லாருக்கும் அவள்மேல் நம்பிக்கை.

நீ விளக்கிய அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். பாப்பாவைக் கூப்பிட்டு உன் பெயரை ஒரு துண்டில் எழுதச் சொன்னேன். மற்றத் துண்டுகளில் யார் யார் பெயரையோ இரண்டிரண்டு, மூன்று மூன்று, நாலு நாலாக எழுதச் சொன்னேன். டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். அதில் யார் பெயர் இருந்தது என்று சொல்லமாட்டேன். உன் பெயராக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்காதே. இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். டப்பாவைக் கவிழ்த்து எல்லாத் துண்டையும் அடுப்பில் போட்டேன். ஒரு சீட்டு மட்டும் உள்ளவனுக்கும் விழும் என்று எனக்குத் தெரியும். எனக்கே விழுந்திருக்கிறது. ஆனால் நான் தவறவிட்டால் அடுத்த மாதம் இருக்கிறது. உனக்கு இது கடைசித் தடவை. படித்து முடித்த பிறகு வேலை பார்க்கக் கொடுத்த அனுமதி கோடையோடு முடிகிறது. அது முடிந்தால் ஒன்று, மூட்டை கட்டவேண்டும். இல்லையென்றால் இன்னொரு படிப்பில் சேர்ந்து, படித்ததையே திரும்பப் படித்துக்கொண்டு அங்கேயே சுற்றவேண்டும். அதையும் நீதான் சொன்னாய், யாருடைய கதையையோ சொல்கிற மாதிரி.

நீ கேட்ட கேள்வியில் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, இப்போது இருக்கிற கம்பெனியிலேயே, லெவல் ஒன்றிலேயே, ஒற்றைச் சீட்டோடு நிற்பது. இன்னொன்று அந்தச் சோளக்காட்டு ஊர். கால்நடைத் தீவனம் செய்கிற கம்பெனி, அவர்களுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் வேண்டும். "இதே சம்பளம்தாம்மா, ஆனா அந்த ஊருக்கு அது லெவல் மூணு" என்றாய். "அப்ப போயேன்டா" என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நீ அதற்குள், "ஆனா அங்க யாருமே இல்லம்மா" என்றாய். அந்தக் குரலைக் கேட்ட பிறகு போ என்று எப்படிச் சொல்வது? மூன்றாவது, சம்பந்தி பார்த்துவைத்திருக்கிற வழி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஊர் மாறினால் படி மாறும் என்பது எனக்குப் புதிது இல்லை. நாம் வையம்பட்டியில் இருந்தபோது அப்பா அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். அதே வேலைதான் இன்றைக்கும். அங்கே அவர் தெருவில் இறங்கினால் டீக்கடையில் பெஞ்சைத் துடைத்துவிடுவார்கள். "சார் வர்றாரு, நகருப்பா" என்பார்கள். எனக்குக்கூட "சார் வீட்டம்மா" என்று பெயர். உன்னைத் திருச்சியில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்து ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிவந்தேன். அதே சம்பளம், அதே சட்டை. இங்கே வீட்டுக்காரருக்கு இத்தனை வருஷமாக அப்பாவின் பெயர் தெரியாது. "மாடி" என்பார். "மாடி, மோட்டார் போட்டாச்சா?" என்பார். அப்பா இன்றைக்கும் தினமும் இங்கிருந்து வையம்பட்டி போய்வருகிறார். இப்போது பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ் மாறவேண்டியிருப்பதால் இன்னும் சீக்கிரம் கிளம்புகிறார். ஒருநாள் நானும் அவரோடு போனேன். மணப்பாறை தாண்டியதும் காலரை இழுத்துச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னங்க?" என்றேன். "ஒன்னுமில்ல, நம்ம எல்ல வந்துருச்சு" என்றார். தினமும் பஸ்ஸில் போகும்போது ஒரு படி ஏறுகிறார், வரும்போது இறங்குகிறார். யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படியென்றால் சின்ன ஊருக்குப் போ என்றுதானே சொல்லவேண்டும் என்று கேட்பாய். அங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். ஊர் மாறியதில் உனக்கு நல்லது நடந்தது. பாப்பாவுக்கு நடக்கவில்லை. வையம்பட்டியில் அவளுக்குத் தெரு முழுக்கக் கூட்டாளிகள். இங்கே வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவள் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் குரல் இறங்கியது, அப்புறம் வாசிப்பதே நின்றது. ஆங்கிலப் பாட வேளை என்றால் காலையிலேயே வயிற்று வலி. பிறகு ஒருநாள் யூனிபாரத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொக்கி தைக்க ஆரம்பித்தாள். அப்பா பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பேசிப் பார்த்தார். இவள் அசையவில்லை. உன்னை ஒன்றாம் இடத்துக்குக் கொண்டுபோன அதே பஸ்தான் இவளைக் கடைசிக்குக் கொண்டுபோனது.

இந்த இடத்தில் பாப்பா பேனாவை வைத்துவிட்டாள். எழுதமாட்டாளாம். எழுது என்றேன். "இது எதுக்கும்மா அண்ணனுக்கு?" என்றாள். "அவன் தெரிஞ்சுக்கட்டும், ஊர் மாறினா என்னென்ன மாறும்னு" என்றேன். எழுதியிருக்கிறாள்.

இனி மூன்றாவது வழி. போன வாரம் சம்பந்தி நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள், முகத்தில் சிரிப்பு. அவருடைய உறவுக்காரர் ஒருவருக்குத் தெரிந்த ஆள் அங்கே ஆள் அனுப்புகிற கம்பெனி வைத்திருக்கிறாராம். உன்னை அவர் தன் கம்பெனியில் பெரிய சம்பளத்துக்கு எடுத்ததாகப் பதிவு செய்வார். காகிதத்தில் லெவல் நாலு. நாலு சீட்டு. மாதாமாதம் சம்பளம் வந்ததும் அதிகப்படியை நீ அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். "ஊரு ஒலகத்துல நடக்காததா? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். "அவரு தம்பிகிட்டயும் பேசியிருக்காரு, அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் கேக்கறாரு. தம்பிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா கேட்டுக்குவாரு. நான் சொன்னா மாமனார் மெரட்டுற மாதிரி இருக்கும்."

அப்பா ஆப்பிளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார். "காகிதத்துல நாலு, கையில ஒன்னு. அப்ப நடுவுல இருக்கற மூணுங்க?"

"அது சும்மா கணக்குக்குங்க."

"இல்லீங்க. அந்த மூணும் அவன் கையில இருக்கற கயிறுங்க. எங்க பையன் வேற எடம் போகணும்னாலும் இழுப்பான், ஊருக்கு வரணும்னாலும் இழுப்பான். 'சொல்லிருவேன்'ங்கற ஒரு வார்த்த போதும் அவனுக்கு. அப்புறம் விசா இருக்கும், பையன் இருக்கமாட்டான்."

சம்பந்தி முகம் சிவந்துவிட்டது. "அப்ப எம் பொண்ணுக்கு என்ன பதில் சொல்றீங்க? நிச்சயம் பண்ணி இத்தன நாளாச்சு. பாக்கறவங்கெல்லாம் தேதி கேக்கறாங்க. மாப்பிள எங்கன்னு கேக்கறாங்க. போனக் காட்டி இதோ இருக்காருன்னு சொல்லவா?" பங்குனி முடிவதற்குள் பெயர் விழவில்லையென்றால் யோசிக்கவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன யோசனை என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவரை நான் குறை சொல்லமாட்டேன் தம்பி. நம் நிச்சயதார்த்தத்தை நினைத்துப் பார். உன்னைப் பித்தளைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தோம். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று நீ வரவில்லை. தட்டு மாற்றும்போது செம்பு சரிந்து நீ குப்புற விழுந்தாய். எல்லாரும் சிரித்தார்கள். சுகன்யாதான் எழுந்து வந்து போனை நிமிர்த்திவைத்தாள். அப்போது அவள் அப்பா முகத்தை நான் பார்த்தேன். அவரும் நம்மைப் போலத்தான். முன்னால் போனால் சுவர், பின்னால் வந்தால் ஊர்வாய். அவர் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை அது ஒன்றுதான். அதற்குள் உன்னைத் தள்ளப் பார்க்கிறார்.

ஆனால் அந்த ஓட்டைக்குள் போகாதே. இது ஒன்றைத்தான் என்னால் திட்டமாகச் சொல்லமுடிகிறது. கேசரி எடுத்துக்கொண்டு போய் நான் அவமானப்பட்டுத் திரும்பினேன் என்று உனக்கு ஒரு வலி இருக்கிறது. அதனால்தான் அந்த ஆளிடம் நீ உடனே முடியாது என்று சொல்லவில்லை. இது எனக்குத் தெரியும், நீ சொல்லவேண்டாம். சின்ன வயதில் எவனாவது என்னை ஒரு வார்த்தை சொன்னால் நீ கல்லெடுத்துக்கொண்டு ஓடுவாய். இப்போது நாலு சீட்டு எடுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறாய். வேண்டாம். எனக்கு அவமானம் ஒன்றும் இல்லை. கமலாக்காவிடம் நானே சொல்லிவிட்டேன், "எங்க தம்பி கடைசி லெவல்" என்று. அவள், "அதுக்கென்னடி, அமெரிக்காவுல கடைசியா நின்னாலும் கால் தரையிலதான இருக்கு" என்றாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, எனக்கு ஆறுதலாக இருந்தது.

மற்ற இரண்டு வழியில் எது என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. ஒற்றைச் சீட்டோடு நின்றாலும் சரி, சோளக்காட்டுக்குப் போனாலும் சரி. அங்கே போனால் மூன்று சீட்டு நியாயமாக உன்னுடையது, அதில் ஒருவனும் கயிறு கட்டமுடியாது. ஆனால் அந்தத் தனிமை உன்னை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. இரண்டும் வேண்டாம் என்று நீ இங்கே வந்து இறங்கினாலும் கதவு திறந்துதான் இருக்கும். "வந்தா என்னம்மா பண்ணுவேன்?" என்று ஒருமுறை கேட்டாய். வந்தால் இந்தக் கல்யாணம் என்ன ஆகும் என்றும் தெரியாது. அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

ஜாக்கெட் தைக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்போம். நீ சின்ன வயதில் என் காலடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். உடம்பு ஏறினால் பிரித்துவிட அது வேண்டும். வெளியே தெரியாது. அது இல்லாமல் அளவெடுத்தபடி ஒட்டத் தைத்தால் போட்ட அன்றைக்கு அழகாக இருக்கும், அப்புறம் மூச்சுவிட முடியாது. உன்னை அப்படித் தைத்துவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. ஒன்று, ஒன்று என்று சொல்லிச் சொல்லி, கொஞ்சம்கூட உள்ளே விடாமல். இனிமேல் முதல், கடைசி என்ற பேச்சு இந்த வீட்டில் இருக்காது. சுகன்யாவின் முகூர்த்தப் புடவையோடு வந்த ஜாக்கெட் துணி இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. அளவுக்கு சாக்பீஸ் கோடு போட்டுவைத்திருக்கிறேன். தேதி தெரியாமல் கத்திரி வைக்க மனம் வரவில்லை. கோடு மங்கிப்போகிறது. திரும்பத் திரும்ப அதன்மேலேயே போடுகிறேன்.

வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். ஃபால்ஸ் தைத்த புடவை வாங்க வந்திருப்பார்கள். பாப்பா, இதோடு போதும். "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுதி முடித்துவிடு.

அண்ணா, இனிமேல் எழுதுவது நான், பாப்பா. அம்மா வாசலில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. சுகன்யா அண்ணியிடம் யாரும் கேட்கவில்லை என்பது சரிதான். ஆனால் அண்ணி தானே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான்தான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா லைனிங் துணி வாங்கப் பெரிய கடைவீதிக்குப் போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன். அண்ணி கல்லூரியிலிருந்து நேராக வந்தாள். "அத்த இல்லயா?" என்றாள். தலையாட்டினேன். பையிலிருந்து ஒரு அளவு ஜாக்கெட்டை எடுத்து என் மடியில் போட்டாள். "ஏற்கெனவே குடுத்தது பழசு. இது இப்ப போடறது" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீ பேசவே மாட்டியா பாப்பா?"

"பேசுவேன்" என்றேன்.

சிரித்தாள். "சரி, நீ பேசவேணாம். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. உள்ள எவ்வளவு துணி விடுவீங்க?"

"ரெண்டு விரல். எல்லாருக்கும் அதான்."

"எனக்கு நாலு விரல் விடச் சொல்லு."

எனக்குப் புரியவில்லை. நாலு விரல் யாரும் விடமாட்டார்கள். உள்ளே மடிப்பு மடிப்பாக உறுத்தும். அதைச் சொன்னேன்.

"உறுத்தட்டும்" என்றாள். "எங்கப்பா பங்குனிங்கறாரு. பங்குனியில விழலன்னா ஆடி வரைக்கும் பாக்கலாங்கறாரு, அப்புறம் வேற எடம்ங்கறாரு. உங்கண்ணன் படிப்புன்னு சேந்தா இன்னும் ரெண்டு வருஷம். எனக்கு அதுக்குள்ள ஒடம்பு போட்டுச்சுன்னா? புதுசா தைக்க எனக்கு வேற முகூர்த்தப் புடவ வேணாம். இதுதான்." செருப்பு மாட்டும்போது திரும்பி, "அந்த ஆள்கிட்ட சரின்னு சொல்லவேணாம்னு உங்கண்ணன்கிட்ட சொன்னா, 'நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்'ங்கறாரு. நீயாவது சொல்லு. நீ சொன்னா கேப்பாரு, நீதான் பேசவே மாட்டியே" என்றாள். போகும்போது அவள் கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

இவ்வளவுதான் அண்ணா. நான் சொல்லிவிட்டேன்.

அம்மா உள்ளே வந்துவிட்டாள். "முடிச்சிட்டியா, படி பாப்போம்" என்றாள். அம்மா சொன்னது வரைக்கும் படித்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. நான் எழுதியதையும் சேர்த்துச் சத்தமாகவே வாசித்தேன். நடுவில் குரல் போய்விட்டது. அம்மா காத்திருந்தாள். திரும்ப ஆரம்பித்துக் கடைசி வரைக்கும் வாசித்தேன்.

அம்மா பெட்டியைத் திறந்து அந்தப் பட்டுத் துணியை எடுத்துத் தரையில் விரித்திருக்கிறாள். பழைய சாக்பீஸ் கோட்டைக் கையால் தட்டி அழித்துவிட்டு, ஓரத்தில் தன் நாலு விரலையும் சேர்த்துவைத்து, அதற்கு வெளியே புதுக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கத்திரி இருக்கிறது.